நாணயம் பார்ப்பவரும் நூல் பார்ப்பவரும்: க.நா.சு.வின் தீர்ப்புகள் குறித்து

திறனாய்வை அரபியர் 'நக்து' என்பர். நாணயத்தைச் சோதித்து நல்லதையும் கள்ளதையும் பிரித்தெடுப்பது என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். நம் காவிரிப் படுகையில் களத்து மேட்டில் நின்று காற்றுக்கு எதிரே தூற்றி, நெல்லையும் பதரையும் பிரிக்கிறார்களே, அதுவும் இத்தகைய வேலைதான். இவ்வேலையைத் தமிழ் நூல்களின் மீது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அயராது செய்தவர் குடமுருட்டிக் கரையிலுள்ள வலங்கைமானில் பிறந்த க.நா. சுப்ரமண்யம் (1912-1988). அவர் தூற்றிய நெல்லை இன்றும் உண்கிறோம். அவர் தூற்றிய முறை சரியா என்பது இன்றும் ஓயாத வழக்கு. அவ்வழக்கில் நமது மத்ரஸாக் கல்வி ஒரு சாட்சியம் சொல்ல முடியும் என்று நாம் கருதுவதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

க.நா.சு. முதலில் ஒரு வாசகர். பிறகே நாவலாசிரியர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர் எல்லாம். கும்பகோணத்தை அடுத்த சாத்தனூரைக் களமாக வைத்து 1946இல் அவர் வெளியிட்ட 'பொய்த்தேவு' ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்தப் போதுமானது. ஆயினும் தாம் எழுதியதைவிடத் தாம் படித்ததைப் பிறருக்குச் சொல்வதிலேயே அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்புவழி', ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' ஆகியவை அவர் கைவழியே தமிழுக்கு வந்தன. 'படித்திருக்கிறீர்களா?' என்ற நூலின் தலைப்பே அவருடைய இயல்பைக் காட்டிவிடும். நல்ல நூலொன்றைப் படித்தவர் அதைப் படிக்காத நண்பரிடம் ஆவலோடு கேட்கும் கேள்வி அது. 'இலக்கிய விசாரம்' முழுவதும் உரையாடலாகவே அமைந்தது. மௌனியின் சிறுகதைகளையும் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலையும் நீல பத்மநாபனின் 'தலைமுறைக'ளையும் பலர் தேடிப் படிக்க நேர்ந்ததில் அவருடைய விடாத பரிந்துரைக்குப் பெரும் பங்குண்டு. இறுதியாகச் சொன்ன நாவலை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்தும் தந்தார்.

அவர்மீது சொல்லப்பட்ட குறை என்ன? அவர் கருத்துச் சொல்கிறார், காரணம் சொல்வதில்லை. பட்டியல் போடுகிறார், ஆராய்வதில்லை என்பதே. அவரோடு ஒரே அணியில் நின்ற சி.சு. செல்லப்பா, படைப்பை வரிவரியாகப் பிரித்து ஆயும் அலசல் முறையே விமர்சனம் என்று வாதாடினார். இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி, சமூகப் பார்வையின் துணைகொண்டு க.நா.சு. குழுவினரின் கொள்கைகளைத் தனி நூலாகவே எழுதி மறுத்தார். கல்கி, அகிலன் முதலிய பெரும்புகழ் பெற்ற தொடர்கதை ஆசிரியர்களைத் தம் வரிசையில் அவர் சேர்க்க மறுத்தது இலட்சக்கணக்கான வாசகர்களைப் புண்படுத்தியது. ஒரு மனிதருக்குப் பிடித்தது, பிடிக்காதது என்பது எவ்வாறு இலக்கியத் தீர்ப்பாகும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

இக்கேள்வி அரபு இலக்கியத்துக்குப் பழையது. ஹிஜ்ரி 231ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ, ஜாஹிலிய்யாக் காலக் கவிஞர் நாற்பதின்மரைத் தரத்துக்கு நால்வராகப் பத்துத் தரங்களில் நிறுத்தினார். அதுவும் பட்டியல்தான். அந்நூலின் முன்னுரையில் அவர் காசு நோட்டக்காரரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். நிறத்தைக் கொண்டோ தொட்டுப் பார்த்தோ மட்டும் ஒரு திர்ஹத்தின் உண்மை புலப்படாது. பழகிய கண் பார்த்தமாத்திரத்தில் அறிந்துகொள்ளும். கவிதையை அறிவதும் அத்தகைய ஒரு தொழிலறிவே என்பது அவர் கருத்து. கலஃப் அல்அஹ்மரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றையும் அவர் பதிவு செய்கிறார். ஒரு கவிதை தமக்குப் பிடித்துவிட்டால் கலஃபும் அவர் தோழர்களும் சொல்வதைப் பொருட்படுத்த மாட்டேன் என்றார் ஒருவர். உமக்குப் பிடித்த திர்ஹத்தை நாணயமாற்றுபவர் கள்ளக்காசு என்று தள்ளிவிட்டால் உமது விருப்பம் உமக்கு என்ன பயன் தரும் என்று கலஃப் திருப்பிக் கேட்டார்.

ஆக, காரணத்தைச் சொற்களில் அடக்க இயலாத தேர்ச்சி ஒன்று உண்டு என்பதை நம் முன்னோர் ஏற்றிருந்தனர். ஆயிரக்கணக்கான நூல்களைப் படித்துப் பழகிய க.நா.சு.வின் கண்ணுக்கும் அத்தகுதி உண்டு என்று ஒப்புவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் தேர்ச்சி பெற்றவரின் எல்லாத் தீர்ப்புகளும் ஒரே எடையுடையவையா? இங்கேதான் ஹதீஸ் கலை நமக்கு வழிகாட்டுகிறது.

அறிவிப்பாளரைக் குறைகூறுதல் 'ஜர்ஹ்'. அவர் நம்பத்தகுந்தவர் என்று சான்றளித்தல் 'தஃதீல்'. ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) இவ்விரண்டையும் வேறு வேறு அளவைகளால் அளக்கிறார். சான்றளிப்பைக் காரணம் கேளாமலே ஏற்கலாம்; ஏனெனில் ஒருவரை நல்லவராக்கும் காரணங்கள் பல, அவற்றை எண்ணிச் சொல்லி முடியாது. குறைகூறுதலையோ, காரணம் விளக்கப்பட்டால்தான் ஏற்க வேண்டும். ஏனெனில் எது குறை என்பதிலேயே மக்கள் வேறுபடுகின்றனர். இதற்கு இமாம் ஷுஅபா (ரஹ்) பற்றிய செய்தி சான்றாகக் காட்டப்படுகிறது. ஒருவருடைய அறிவிப்பை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வினவப்பட்டபோது, அம்மனிதர் மட்டக் குதிரையொன்றை விரட்டி ஓட்டியதைக் கண்டதாக அவர் சொன்னாராம். காரணம் வெளிவந்தபோதுதான் அது காரணமே அன்று என்பது விளங்கிற்று. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் இக்ரிமாவைச் சிலர் குறைகூறியிருந்தும் இமாம் புகாரி (ரஹ்) அவருடைய அறிவிப்புகளை ஏற்றது இவ்விதியின் அடிப்படையில்தான் என்று இப்னுஸ் ஸலாஹ் விளக்குகிறார்.

காரணம் சொல்லாமல் 'பலவீனமானவர்' என்று மட்டும் எழுதிவைத்த அறிஞர்களின் நூல்களை என்ன செய்வது? அவற்றை வீசியெறியவும் அவர் சொல்லவில்லை. அத்தகைய சொல் தீர்ப்பாகாது. ஆயினும் நம்மைத் தயங்கி நிற்கச் செய்யும். விசாரித்து ஐயம் நீங்கும்வரை அந்த அறிவிப்பில் நிதானிக்க வேண்டும் என்கிறார்.

இவ்வளவையைக் க.நா.சு.வுக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் நல்லதென்று சொன்ன நூலைக் காரணம் கேளாமல் எடுத்துப் படிக்கலாம், இழப்பு ஒன்றுமில்லை. அவர் காரணம் சொல்லாமல் ஒதுக்கியது தீர்ப்பன்று, நிதானிக்கச் சொல்லும் எச்சரிக்கை. 'பொன்னியின் செல்வ'னை அவர் மதிக்கவில்லை என்பதற்காக அதை மூடிவைக்கவும் வேண்டாம். கோடிப்பேர் படித்தார்கள் என்பதற்காக அவருடைய ஐயத்தைத் தள்ளிவிடவும் வேண்டாம். செல்லப்பாவின் அலசலுக்கு உரிய இடமும் இதுவே. புகழ்வதற்கு ரசனை போதும். மறுப்பதற்கு அலசல் வேண்டும்.

இனி மூன்றாவது ஒன்று உண்டு. அதுவே நமக்கு மிக நெருக்கமானது: மௌனம். 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்று க.நா.சு. ஒரு நூல் எழுதினார். மாயூரம் வேதநாயகரின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879), ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்', மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' முதலியவை அதில் இடம்பெற்றன. கண்டியில் வழக்கறிஞராக விளங்கியவரும் 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவருமான அறிஞர் சித்திலெப்பையின் 'அஸன்பே சரித்திரம்' 1885இல் இலங்கையில் அச்சேறியது. கமலாம்பாளுக்கும் பத்மாவதிக்கும் முந்தியது அது. ஆயினும் அந்த ஐந்தில் அது இல்லை. 'சிறந்த ஐந்து' என்றிருந்தால் ரசனை என்று விட்டுவிடலாம். 'முதல்' என்பது காலத்தைக் குறிக்கும் சொல்லாயிற்றே.

இதைச் சமயக் காழ்ப்பு என்று சொல்லிக் கடந்துபோவோர் நம்மில் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. அவர் வரிசையின் தலைமகன் வேதநாயகரே கிறித்தவர். கிறித்தவ மரபில் ஊறிய 'அன்புவழி'யைத் தமிழாக்கியவரும் அவரே. அஸன்பே அவர் கைக்கு எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு என்பதே நம் கருத்து. ஹதீஸ் கலையில் குறைகூறப்பட்டவர் 'மஜ்ரூஹ்', அறியப்படாதவர் 'மஜ்ஹூல்'. இருவரையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்று மாணவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். தமிழ் முஸ்லிம்களின் உரைநடை இலக்கியம் க.நா.சு. தலைமுறை விமர்சகர்களிடம் மஜ்ரூஹ் ஆனதில்லை, மஜ்ஹூலாகவே இருந்தது.

அறியப்படாமை எப்படி நீங்கும்? அறியப்பட்டவர் இருவரேனும் அவரிடமிருந்து அறிவித்தால் அவர் இன்னார் என்ற அறியாமை நீங்கும் என்பது கதீப் அல்பக்தாதீ (ரஹ்) முதலியோர் கூறும் விதி. நல்லவர் என்று அதனால் மெய்ப்பிக்கப்படாது. அறியப்பட்டவர் ஆவார், அவ்வளவே. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்த அந்த இளம்பெண்ணின் நூலுக்கு மகாமகோபாத்தியாயர் உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். உத்தமதானபுரத்தவர் ஒருவர் நாகூராருக்கு முதல் அறிவிப்பாளராக வந்து நின்றார். இரண்டாமவராக நம்மிலிருந்து ஒருவர் வந்து அந்நூலின் நிறைகுறைகளை வெளிப்படையாக எழுதியிருந்தால், அது தமிழ் நாவல் வரலாற்றின் நடுவீதிக்கு வந்திருக்கும். நெடுங்காலம் அப்படி நடக்கவில்லை.

காரணம் வெளியே இல்லை. நம் சமூக இதழ்களின் மதிப்புரைப் பகுதிகளைப் புரட்டினால், எல்லா நூல்களும் 'ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கவேண்டியவை'. எழுதியவர் ஆலிம், வெளியிட்டவர் கொடையாளர், பேசுபொருளோ தீன். இதில் குறைகாண்பது அதபுக்கு ஒவ்வாது என்று எண்ணுகிறோம். ஆனால் இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையில், அறிவிப்பாளரின் குறையை வெளிப்படுத்துவதைப் புறம்பேசலாகக் கருதாமல் மார்க்கத்தின் பாதுகாப்பாகவே எடுத்துரைக்கிறார். வணக்கசாலிகள் என்று பெயர்பெற்ற பெரியவர்களையும் நினைவாற்றல் குறைந்தவர்கள் என்று எழுதிவைத்த சமூகம் நாம். அவர்களுடைய வழியில் வந்த நமக்கு, ஒரு கவிதைத் தொகுதியைச் சுமாரானது என்று சொல்ல நாவெழவில்லை. எல்லாவற்றையும் புகழ்ந்தால் எந்தப் புகழும் செல்லாது. அவ்வாறு புகழப்பட்ட நூலை வெளியுலகம் கேள்விப்படுவதும் இல்லை.

க.நா.சு.வுக்கு 1986இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது, 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்ற நூலுக்காக. இலக்கியத்துக்கு இயக்கம் என்று அவர் கருதியது பெருங்கூட்டத்தை அன்று. தாம் படித்ததைக் குறித்து அஞ்சாமல் வாய்திறக்கும் சில வாசகர்களையே. அத்தகைய வாசகர் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் ராஜகிரியிலும் இன்று இல்லாமல் இல்லை. அவர்கள் படித்ததைச் சொல்லட்டும். நன்று என்றால் தயங்காமல் சொல்லட்டும். அன்று என்றால் காரணத்தோடு சொல்லட்டும். ஒரு நூலின் அறியப்படாமை நீங்க இரண்டு அறிவிப்பாளர் போதும். அவ்விருவரில் ஒருவரேனும் நம் தெருவிலிருந்து வரவேண்டும் என்பதே நாம் வைக்கும் கோரிக்கை.