பாஞ்சாலி சபதத்தில் ஆட்ட விதியும் நடுவர் அதிகாரமும்

முன்னுரை

தில்லியில் புராணா கிலா என வழங்கும் பழைய கோட்டை அமைந்துள்ள மேடே பாண்டவரின் இந்திரப்பிரஸ்தம் என்பது மரபுவழிக் கருத்தாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அக்கோட்டைக்குள் இந்திரபத் என்னும் சிற்றூர் இருந்து வந்தது. 1954-55இல் பி.பி. லால் அங்கு நடத்திய அகழாய்வில், வண்ணந்தீட்டிய சாம்பல்நிற மட்கல ஓடுகள் கிடைத்தன. இவ்வடையாளம் உறுதியானதா என்பது தொல்லியலார் ஆய்வுக்குரியது. இலக்கிய மாணவர் கருதத்தக்கது வேறொன்று. காவியத்தில் இந்நகரம் முதலில் போரால் இழக்கப்படவில்லை. அத்தினாபுரத்து அவையில் உருண்ட பகடையால் இழக்கப்பட்டது.

பாரதியின் பாஞ்சாலி சபதத்தை நாட்டு விடுதலையின் உருவகமாகவும் பெண் விடுதலைக் குரலாகவும் ஆராய்ந்த ஆய்வுகள் பல. அக்காப்பியத்தை ஆட்டம் பற்றிய நூலாக நோக்கிய ஆய்வுகள் அருகியே காணப்படுகின்றன. ஆட்டத்தில் நிகழ்ந்தது எது, செல்லத்தக்கது எது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா, மேலைநாடுகளில் பாத்திரமேற்பு ஆட்டங்கள் குறித்த சிந்தனையில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அச்சிந்தனையின் துணையோடு பாஞ்சாலி சபதத்தின் அவைக் காட்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்ட நடத்துநர்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பாத்திரமேற்பு ஆட்டம் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு கதைமாந்தராகித் தம் செயல்களைச் சொல்லிச் சொல்லியே ஒரு கதையை வளர்ப்பதாகும். ஐயத்திற்குரிய செயல்களின் முடிவைப் பெரும்பாலும் பகடை தீர்மானிக்கும். உலகையும் பகைவரையும் பிற மாந்தரையும் ஒருவரே ஏற்று நடத்துவார். தீர்ப்பும் அவரே கூறுவார். அவரே ஆட்ட நடத்துநர், அதாவது கேம் மாஸ்டர்.

இப்பொறுப்பின் வேர் போர்ப்பயிற்சியில் உள்ளது. பிரஷ்யப் படை அலுவலரான ரைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த போராட்டத்தில் இரு தரப்பாரும் தம் கட்டளைகளை நடுவரிடம் அளிப்பர். நடுவர் அட்டவணைகளையும் பகடையையும் கொண்டு விளைவைக் கணிப்பார். அட்டவணைகள் பெருகி ஆட்டம் மந்தமானபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா அவற்றை விலக்கி நடுவரின் பட்டறிவையே அளவுகோலாக்கினார். விதியா, நடுவரா என்னும் பூசல் அன்றே தோன்றிவிட்டது எனலாம். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் டேவிட் வெஸ்லி நடத்திய ஆட்டங்களின் வழியில் டேவ் ஆர்னசனும், அவரோடு கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டனர். 1979இல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கையேடு இறுதித் தீர்ப்பை நடத்துநரிடமே விட்டது.

பின்வந்தோர் இவ்வதிகாரத்தை வரையறுக்க முயன்றனர். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் வெளியிட்ட ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ நடத்துநரும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை எழுதி வைத்தது. அவர் கையில் பகடையே இல்லை. ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ‘ஃபியாஸ்கோ’ (2009) நடத்துநரையே நீக்கிவிட்டது. ஆட்டத்தில் ஒன்று நிகழ்ந்தது என்பது, ஆடுவோர் அதற்கு இசைவதால் மட்டுமே நிலைபெறுகிறது என்பது வின்சென்ட் பேக்கர் வலியுறுத்திய கருத்தாகும். அவ்வாறாயின் அச்சிட்ட விதியும் நடத்துநரின் சொல்லும் அவ்விசைவைப் பெறுவதற்கான வழிகளே அன்றித் தாமே அதிகாரம் உடையன அல்ல.

சூது பொருளைக் கவர்வதற்கான போட்டி. பாத்திரமேற்பு ஆட்டமோ கூடிக் கதை வளர்க்கும் முயற்சி. இவ்விரண்டையும் ஒப்பிடலாமா என்னும் தடை இங்கு எழலாம். நோக்கத்தில் இவை வேறானவை என்பது உண்மையே. ஆயினும் முடிவு கூறும் உரிமை யாருடையது என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது. ஒப்பீடு அவ்வினாவின் எல்லைக்குள் மட்டுமே நிகழ்கிறது.

ஆட்டப் போக்குகள்

ஒரே ஆட்டத்தில் அமர்வோர் ஒரே நோக்கத்தோடு அமர்வதில்லை. ரான் எட்வர்ட்ஸ் 2001இல் எழுதிய கட்டுரையில் இந்நோக்கங்களை மூன்றாக வகுத்தார். அறைகூவலை ஏற்று வெல்லுதல், கதையின் அறச்சிக்கலை எதிர்கொள்ளுதல், கற்பித்த உலகின் இயல்பு பிறழாது ஒழுகுதல் என்பன அவை. இவ்வகைப்பாடு பின்னர் மறுப்புகளைச் சந்தித்தது எனினும், போக்கு வேறுபட்டோர் அதனை உணராமலே ஓர் ஆட்டத்தில் அமர்ந்தால் பிணக்கு எழும் என்னும் அடிப்படைக் கருத்து பயனுடையது.

பாரதியின் அவையில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. சகுனிக்கு ஆட்டம் வெல்லுதற்கு உரியது. அதற்கப்பால் அவனுக்கு நாட்டம் இல்லை. துரியோதனனுக்கு வெற்றியும் போதாது. வேள்வியின்போது கண்ட செல்வமும், பாஞ்சாலி தன்னை நோக்கி நகைத்த நகையும் அவன் நெஞ்சில் ஆறாது கிடக்கின்றன. அவற்றுக்கு ஈடாக ஓர் இழிவுக் காட்சியை அரங்கேற்றுவதே அவன் நோக்கம். தருமனோ ஆட விரும்பாது மறுத்துப் பின் இணங்கியவன். மன்னர்க்குரிய வழக்கம் என்று சகுனி சுட்டியது அவனைப் பிணிக்கிறது. எட்வர்ட்ஸ் வகுத்த மூன்றாம் போக்கிற்கு அவன் அணுக்கமானவன். அரசனாகிய தன் பாத்திரத்தின் இயல்பு வழுவாதிருத்தலே அவன் ஆட்டம். வெல்ல வந்தவனும் இழிவுபடுத்த வந்தவனும் ஓரணியில் நிற்க, ஒழுகவந்தவன் எதிரே தனித்து அமர்கிறான். பழமை என்னும் காரணத்தாலேயே பொய்யை மெய்யெனக் கொள்வோரைப் பாரதி இவ்விடத்தில் தாமே குறுக்கிட்டுக் கண்டிப்பது நோக்கத்தக்கது.

ஆட்டத் தொடக்கத்திலேயே தருமன் விதி பற்றிய ஐயம் ஒன்றை எழுப்புகிறான். ஆடுபவன் ஒருவனாகவும் பணயம் வைப்பவன் மற்றொருவனாகவும் இருப்பது முறையாகுமா என்பது அவ்வையம். மாமன் ஆட மருகன் பணயம் வைப்பதில் குற்றம் என்ன என்று துரியோதனன் எதிர்வினவுகிறான். ஐயத்திற்கு விடை கூறுபவன் எதிர்த்தரப்பினன் என்பதே இங்குக் கருதத்தக்கது. அவையில் முதியோர் இருந்தும் எவரும் தீர்ப்புரைக்கவில்லை. நடுவர் இன்மை முதல் பகடை உருளும் முன்னரே வெளிப்பட்டுவிடுகிறது.

விதி என்னும் சொல்லின் இருபொருள்

தமிழில் விதி என்பது ஊழையும் குறிக்கும், நெறியையும் குறிக்கும். பாரதியின் அவையில் நடுவராகத் தக்க இருவர் உளர். ஒருவன் அரசனாகிய திருதராட்டிரன். மற்றவன் அறம் அறிந்த வீட்டுமன். திருதராட்டிரன் மகனின் சூழ்ச்சியை முதலில் கடிந்து, பின் ஊழின் மேல் பழியை ஏற்றி இசைகின்றான். வீட்டுமனோ நெறிநூலின் மேல் பொறுப்பை ஏற்றுகின்றான். முன்னவன் ஊழாகிய விதியிலும் பின்னவன் நூலாகிய விதியிலும் ஒளிந்துகொள்கின்றனர்.

வியாசரோடு ஒப்பிடும்போது பாரதி செய்த மாற்றம் விளங்கும். வியாச பாரதத்தில் வீட்டுமன், அறம் நுண்ணிதாதலின் வினாவைத் தெளிவுறுத்த இயலவில்லை என்று தயங்குகிறான். பாரதியின் வீட்டுமனோ விடை கூறிவிடுகிறான். தன்னை இழந்த பின்னும் தருமன் மனைவியைப் பணயமாக்க நூலில் இடமுண்டு என்கிறான். பண்டைக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது என்றும், இது அநீதியே என்றும் உடன் ஒப்புகிறான். தடுக்கும் திறன் தனக்கு இல்லை எனத் தலை கவிழ்கிறான். வியாசரிடம் ஐயமாக இருந்தது பாரதியிடம் அறிந்தே செய்த கைவிடலாகிறது. விதியைக் கற்றவன் விதியின் பயனைக் கண்டும் வாளாவிருத்தலே இக்காப்பியம் சுமத்தும் பெருங்குற்றம் எனலாம்.

பணயப்பொருளின் வினா

தேர்ப்பாகன் அழைக்க வந்தபோது பாஞ்சாலி கேட்பது ஆட்ட விதி சார்ந்த வினாவே. தருமன் முதலில் இழந்தது தன்னையா, அவளையா? தன்னை இழந்தவனுக்குப் பணயம் வைக்கும் உரிமை ஏது? அவள் முதற்கண் இரக்கத்தை வேண்டவில்லை. ஆட்டத்தின் தருக்கத்தைக் கொண்டே ஆட்டத்தை மறுக்கிறாள்.

யொஹான் ஹுய்சிங்கா ‘ஹோமோ லூடன்ஸ்’ (1938) என்னும் நூலில், கள்ளமாக ஆடுபவனையும் ஆட்டத்தைக் குலைப்பவனையும் வேறுபடுத்துகிறார். கள்ள ஆட்டக்காரன் ஆட்ட வட்டத்தை ஏற்பதாக நடிப்பதால் சமூகம் அவனைப் பொறுத்துக்கொள்ளும். குலைப்பவனை அது பொறுப்பதில்லை. சகுனியைப் பொறுத்த அவை பாஞ்சாலியைப் பொறுக்காமைக்கு விளக்கம் இதுவே. வீட்டுமன் கூற்றை மறுத்து நியாயம் பேசிய விகர்ணனும் கர்ணனால் அடக்கப்படுகிறான்.

பாத்திரமேற்பு ஆட்டங்களில் 2013ஆம் ஆண்டையொட்டி ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் அட்டை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மேசை நடுவில் வைத்த அவ்வட்டையை எவர் தொட்டாலும், காரணம் கேளாமல் அக்காட்சி கைவிடப்படும். நடத்துநரின் அதிகாரத்திற்கு மேலாக ஊறுபடுவோரின் மறுப்பை நிறுத்தும் ஏற்பாடு இது. அத்தினாபுரத்து அவையில் அத்தகைய உரிமை ஆடுவோர்க்கும் இல்லை; பணயமான பாஞ்சாலிக்கு அறவே இல்லை. வட தமிழகத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் நிகழும் பகடைத் துகில் கூத்தில், துகிலுரியும் கட்டத்தில் கற்பூரம் ஏற்றி அவளை அம்மனாக வணங்கும் வழக்கம் உண்டு. காவிய அவை மறுத்த மதிப்பைக் கூத்தின் அவை வழங்குகிறது என்று கொள்ளுதல் தகும்.

முடிவுரை

வியாசரிடம் திருதராட்டிரன் இறுதியில் வரமளித்து இழந்தவற்றை மீட்டுத் தருகிறான். காலம் கடந்தேனும் ஒரு தீர்ப்பு கிடைக்கிறது. பாரதி அதனை ஏற்காது சபதத்தோடு நூலை முடித்தார். பாஞ்சாலியின் வினாவுக்கு அவையில் எவரும் அறத்தோடு பொருந்திய விடை தரவில்லை. விடை போர்க்களத்திற்குச் செல்கிறது.

எழுதிய விதி நடுவரின் மனச்சான்றுக்கு ஈடாகாது என்பதை வீட்டுமனும், நடுவர் ஒரு தரப்பினராயின் விதி காவாது என்பதை முதல் ஐயத்திற்குக் கிடைத்த எதிர்வினாவும் காட்டுகின்றன. ஆட்டத்தால் பாதிக்கப்படுவோர் இசைவின்றி நிகழ்வது ஆட்டமே அன்று என்பதைப் பாஞ்சாலியின் வினா காட்டுகிறது. திருக்குறள் நடுவுநிலைமையை அறத்துப்பாலிலும் சூதினைப் பொருட்பாலிலும் வைத்துப் பேசுகிறது. அவ்விரு அதிகாரங்களும் சந்திக்கும் இடமாகப் பாஞ்சாலி சபதத்தைப் பயிலும்போது, மௌனம் காத்த அவையோரும், புலம்பியதன்றி வேறொன்றும் செய்யாத ஊராரும் அவ்வாட்டத்தின் பார்வையாளர் அல்லர், அதில் பங்கு கொண்டவரே என்பது தெளிவாகும். வில்லிபாரதத்தின் சூதுபோர்ச் சருக்கத்தையும் கூத்துப் பனுவல்களையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல் பயன் தரும்.