ஏக்கருக்கு நான்கு சென்ட் எங்கிருந்து வந்தது?

இலவச மென்பொருள் என்றால் கணக்குப் பிசகும் என்ற சந்தேகம் நில அளவைத் தொழிலில் இன்னும் இருக்கிறது. கியூஜிஐஎஸ் விஷயத்தில் அது வீண் சந்தேகம். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இந்தத் திறந்தமூல மென்பொருள், மூலைப் புள்ளிகள் சரியாக இருந்தால் பரப்பையும் சரியாகவே சொல்லும். பிசகுவது நாம் தேர்ந்தெடுக்கும் வரைபடத் தளம்.

பின்னணிக்கென்று இணைய வரைபடத்தை முதலில் திறந்தால், திட்டம் தானாகவே வெப் மெர்காட்டர் என்ற தளத்துக்குப் போய்விடும். அதில் தட்டைத் தளக் கணக்காகப் பரப்பெடுத்தால் கோயம்புத்தூரில் ஒரு ஏக்கர் 104 சென்ட்டாக வீங்கும், சென்னையில் 106. ஃபீல்டு கால்குலேட்டரில் ‘ஏரியா’ என்ற பெயரிலேயே இரண்டு கணக்குகள் உண்டு. டாலர் குறியோடு வருவது பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும், மற்றது எடுக்காது. இதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

பூமியை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் தளத்திலும் சிறு பிழை உண்டு. கோவை 43ஆம் மண்டலம், மதுரை 44. நடுவே 78 டிகிரி தீர்க்கரேகை. அதன் அருகே ஏக்கருக்குச் சுமார் 0.2 சென்ட் கூடும். ஐந்து சென்ட் மனைக்கு அது நான்கு சதுர அடி. இதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள் (போகிறவர்களும் இருக்கலாம்).

பெரிய ஆபத்து வேறு. செயற்கைக்கோள் படம் ஐந்து மீட்டர் நகர்ந்திருந்தாலும் பரப்பு மாறாது; எல்லை மட்டும் பக்கத்து வயலுக்குள் போயிருக்கும். பட்டாவோடு பரப்பு ஒத்துப்போனதும் எல்லையும் சரி என்று நம்பிவிடுகிறோம். படத்தில் வரப்பைப் பார்த்து வரைவதும் ஆபத்துதான்; அதில் பரப்பே மாறிவிடும். இருபது சென்ட் சதுர நிலத்தில் ஒரு பக்கம் ஒரு மீட்டர் விலகினால் 0.7 சென்ட் போச்சு.

மென்பொருள் உண்மையில் கைகொடுப்பது எஃப்எம்பி புலப்படத்தில். ஜி லைன், ஆஃப்செட் அளவுகளை வைத்துப் புலத்தை அப்படியே கட்டி, வரும் பரப்பைப் பட்டாவின் ஹெக்டேர்-ஏர் கணக்கோடு ஒப்பிடலாம். ஆனால் அந்தப் படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. அதைத் தரையில் பொருத்த, கிடைக்கிற பழைய எல்லைக் கற்களை டிஜிபிஎஸ்ஸாலோ டோட்டல் ஸ்டேஷனாலோ அளந்தாக வேண்டும். மவுஸ் அந்த வேலையைச் செய்யாது.

பாகம் பிரித்துப் பார்க்கவும் பத்திரப் பரப்பைச் சரிபார்க்கவும் கியூஜிஐஎஸ் தாராளமாகப் போதும். வேலி போடுவதென்றால் அளவைக் கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து, பக்கத்து நிலக்காரரையும் வைத்துக்கொண்டு கல் நடுங்கள்.