வேகம் போதும், நேராக நீந்துங்கள்

2018 அக்டோபரில் ஹவாய்த் தீவின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் அது) முதலில் கரையேறியவர் ஜெர்மனியின் யான் சிபர்சன். 3.86 கி.மீ. கடலை 46 நிமிடம் 29 நொடியில் நீந்தினார். அந்தப் போட்டியில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக நீந்தியதில்லை. ஆனால், பட்டம் போனது அதே நாட்டின் பேட்ரிக் லாங்கேவுக்கு. சிபர்சன் கரையேறி நான்கு நிமிடம் கழிந்த பிறகுதான் லாங்கே தண்ணீரை விட்டே எழுந்தார். ஆனாலும் 7 மணி 52 நிமிடம் 39 நொடியில் எல்லாவற்றையும் முடித்து, கோனாவில் எட்டு மணி நேரத்துக்குள் வந்த முதல் ஆள் ஆனார். சிபர்சன் முதல் மூவரில்கூட இல்லை.

இந்தக் கதையைக் கேட்ட நம்மூர் அமெச்சூர்கள் பலர், "நீச்சலை ஒப்பேற்றினால் போதும், சைக்கிளில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். வேகத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நீச்சலை மோசமாகச் செய்தவருக்குச் சைக்கிளில் பார்த்துக்கொள்ளக் காலில் எதுவும் மிச்சம் இருக்காது. நீச்சல் கைகொடுத்த கதையும் உண்டு: இங்கிலாந்தின் லூசி சார்ல்ஸ்-பார்க்ளே 2023-ல் கோனாவில் நீச்சலில் பிடித்த முன்னிலையைக் கடைசிவரை யாருக்கும் தரவில்லை. அதற்கு முன் நான்கு முறை அதே போட்டியில் இரண்டாம் இடம் வந்தவர் அவர்.

உலகப் போட்டியை விடுவோம். நம்மவர்கள் அதிகம் போவது கோவாவுக்கு. 2019-ல் பனாஜியின் மிராமர் கடற்கரையில் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டி அது. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 113 கி.மீ. அதில் நீச்சல் இரண்டு சதவீதம்கூட இல்லை. நீச்சலுக்கான கட்-ஆஃப் 70 நிமிடம். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 நொடி வருகிறது. ஓரளவு நீந்தத் தெரிந்த யாருக்கும் குளத்தில் இது சிரமமே இல்லை. அப்படியிருந்தும் கடலில் திணறுகிறார்கள். ஏன்?

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். குளத்தில் 100 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் நீந்துகிற ஒருவர் 1.9 கி.மீ.யை 47 நிமிடம் 30 நொடியில் முடிக்க வேண்டும். கடலில் அவர் வளைந்து வளைந்து போய்ப் பத்து சதவீதம் கூடுதல் தூரம் நீந்திவிட்டால், 190 மீட்டர் அதிகம். நேரத்தில் 4 நிமிடம் 45 நொடி இழப்பு. அதே ஆள் ஆறு மாதம் குளத்தில் உயிரை விட்டுப் பயிற்சி செய்து 100 மீட்டருக்குப் பத்து நொடி குறைத்தால் மிச்சமாவது 3 நிமிடம் 10 நொடிதான். நேராக நீந்தக் கற்றவர், வேகமாக நீந்தக் கற்றவரைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னால் நிற்பார். இந்தக் கணக்கைப் பயிற்சி அட்டவணை போடும் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை.

குளத்தின் அடியில் கறுப்புக் கோடு உண்டு. பக்கத்தில் லேன் கயிறு உண்டு. 25 மீட்டருக்கு ஒரு சுவர் வரும்; உதைத்துத் தள்ளினால் சில மீட்டர் இலவசம், ஒரு மூச்சு ஓய்வு. 1.9 கி.மீ.யில் அப்படி 75 சுவர்கள். கடலில் ஒன்றுமே கிடையாது. கலங்கலான நீரில் சொந்தக் கைவிரல் தெரிந்தாலே அதிர்ஷ்டம். எல்லோருக்கும் ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் பலமாக இழுக்கும். குளத்தில் கோடு அதைத் திருத்திவிடும். கடலில் அது உங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே திரும்பத் திரும்பப் பழக வேண்டியது, நீந்திக்கொண்டே முன்னால் பார்ப்பது. எட்டுப் பத்து கைவீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் நீருக்கு மேலே வர வேண்டும், முதலை பார்ப்பதுபோல. பார்த்த கையோடு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்க வேண்டும். முழுத்தலையையும் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழும். மறுபடி உடம்பை மட்டத்துக்குக் கொண்டுவர இரண்டு மடங்கு உழைப்பு. அலையின் பள்ளத்தில் இருக்கும்போது பார்த்துப் பயனில்லை, தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். அலை தூக்கும் நொடியில் பார்க்க வேண்டும். வழி காட்டும் மிதவை சிறியது, அதன் பின்னால் கரையில் ஒரு உயரமான கட்டடத்தையோ கோபுரத்தையோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. இதையெல்லாம் குளத்திலேயே பழகலாம். கண்ணை மூடிக்கொண்டு பத்து வீச்சு நீந்திப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலுக்குள் போகும்போது சூரியன் கண்ணில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் இருக்கும். மிராமர் மேற்கு நோக்கிய கரை. போகும்போது எல்லாம் பளிச்சென்று தெரியும். களைத்துத் திரும்பும் கடைசிப் பகுதியில்தான் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், மிதவை மறையும். நிறக் கண்ணாடி போட்ட நீச்சல் கண்ணாடி வாங்குவது ஆடம்பரச் செலவு அல்ல.

இன்னொரு சிக்கல் பருவம். கோவா போட்டி பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை விலகி அரபிக் கடல் அடங்கும் நேரம் அது. அதே வாரங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கி வங்கக் கடல் கொந்தளிக்கும். போட்டிக்கு முந்தைய மாதம், கடலில் அதிகம் இறங்க வேண்டிய மாதம், நம் கடல் கதவைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் வீராப்பாக இறங்குவது மடத்தனம். கடல் பயிற்சியை ஜூலை முதல் செப்டம்பருக்குள் முடித்துக்கொண்டு, மீதிக் காலத்தைக் குளத்தில் கழிப்பதுதான் உத்தி. இறங்கும் முன் அந்தக் கரையோரக் குப்பத்து மீனவர் ஒருவரிடம் அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். எந்த ஆப்பும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. இழுநீரில் மாட்டினால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். இடுப்பில் கட்டும் மிதவைப் பை இல்லாமலும் துணை இல்லாமலும் இறங்கவே கூடாது.

வெட்சூட் பற்றி வெளிநாட்டுப் பயிற்சி நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கும். புரட்டித் தள்ளிவிடலாம். அயர்ன்மேன் விதிப்படி நீரின் வெப்பம் 24.5 டிகிரியைத் தாண்டினால் அதைப் போட்டவருக்குப் பரிசு கிடையாது, 28.8-ஐத் தாண்டினால் யாரும் போடவே கூடாது. கோவாவின் வெதுவெதுப்பான கடலுக்கு அது தேவையும் இல்லை. உப்பு நீரே உடம்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், காலை அதிகம் உதைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே உப்பு கழுத்தையும் அக்குளையும் உராய்ந்து எரிய வைக்கும். வாசலின் தடவிக்கொண்டு போங்கள்.

அடுத்தது முதல் 200 மீட்டர். பயிற்சி இல்லாதவரின் போட்டி பெரும்பாலும் அங்கேயே கெட்டுப்போகிறது. கூட்டம், முகத்தில் ஒரு கால், வாயில் உப்புத் தண்ணீர். நெஞ்சு படபடக்கிறது, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பார்கள், வெளியே விட மாட்டார்கள். அதுதான் பீதியின் தொடக்கம். நீருக்குள் குமிழி குமிழியாக மூச்சை முழுக்க விடப் பழகியவருக்கு இது பாதி குறையும். நான்கைந்து நண்பர்களை ஒரே லேனில் இறக்கி, இடித்துக்கொண்டு நீந்திப் பழகுவது எந்தக் கோச்சிங்கைவிடவும் மேல். உலகத் தர வீரர்களுக்கே தொடக்கம் தகராறுதான். டோக்கியோ ஒலிம்பிக் டிரையத்லானில், 2021 ஜூலை 26 அன்று, ஒடைபா கடலில் ஒரு படகு குறுக்கே நிற்க, பல வீரர்கள் குதித்தும் மற்றவர்கள் மேடையில் நின்றும் ஒரே குழப்பம். எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டு மறுபடி தொடங்கினார்கள்.

பீதி வந்துவிட்டால்? மல்லாந்து மிதக்கலாம், தவளை நீச்சல் அடிக்கலாம், விதி தடுக்காது. பாதுகாப்புக் கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கவும் அனுமதி உண்டு. அதை வைத்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல், கையைத் தூக்கினாலே தகுதி நீக்கம் என்று பயந்து திணறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஆராய்ந்த மருத்துவர்கள் 135 சம்பவங்களைக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள்.

ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள் பதிவுக் கட்டணம் கட்டும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தொடக்கக் கோட்டில் உத்தேச நீச்சல் நேரத்தைப் பார்த்து வரிசையில் நிறுத்துவார்கள். அங்கே கௌரவம் பார்க்காமல், உங்கள் கடல் நேரம் எதுவோ அந்த வரிசையில் போய் நில்லுங்கள்.