பழைய டிஸ்கைக் கழற்றிய பிறகு

கணினி ஆமையாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், சென்னை ரிச்சி தெருவிலும் சரி, சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மாடிக்கடையிலும் சரி, இன்று கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டுடலாம் சார்." அடுத்த கேள்வியும் கையோடு வரும்: "புதுசா விண்டோஸ் ஏத்தவா, இருக்கிறதை அப்படியே குளோன் போட்டுடவா?" பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. டேலி, பிரின்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் மென்பொருள், உரிமச் சாவி எங்கே போனதென்றே தெரியாத பழைய நிரல்கள் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவி, ஒவ்வொன்றையும் பழையபடி பழக்குவதற்குள் ஒரு சிறு அலுவலகத்தின் வாரமே போய்விடும்.

அதனால் குளோன் என்ற முறையை நான் ஆதரிக்கிறேன். அதற்கான மென்பொருளைத் தேர்வதில்தான் நாம் தப்பான இடத்தில் கண் வைக்கிறோம். எத்தனை நிமிடத்தில் முடிக்கிறது, திரை எவ்வளவு எளிதாக இருக்கிறது, இலவசமா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வேகம் பெரும்பாலும் மென்பொருளின் கையில் இல்லை. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. சுமாருக்குத்தான் படித்துக் கொடுக்கும்; எந்த மென்பொருளும் அந்த ஊற்றைவிட வேகமாக நிரப்ப முடியாது. கேட்க வேண்டியவை வேறு இரண்டு. பழைய டிஸ்கைக் கழற்றிய பிறகு புதியது தானாக எழுந்து நிற்குமா? தன்னால் முடியாத இடத்தில் மென்பொருள் அதை வெளிப்படையாகச் சொல்லி நிறுத்துமா?

குளோன் போடும் பழக்கத்தைப் பரப்பியது கோஸ்ட். 1990களின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரே ஹசார்ட் எழுதிய மென்பொருள் அது. 1998இல் சிமான்டெக் வாங்கியபின் நார்ட்டன் கோஸ்ட் ஆயிற்று. கல்லூரி லேபில் ஒரு கணினியை ஒழுங்காக அமைத்துவிட்டு மற்றவற்றுக்கெல்லாம் அதையே 'கோஸ்ட் போடுவது' ஒரு தலைமுறை லேப் உதவியாளர்களின் அன்றாட வேலை. அன்று டிஸ்கின் அமைப்பும் எளிது: முதல் செக்டாரில் எம்.பி.ஆர். என்ற தொடக்கப் பதிவு, அதையடுத்து ஒரு சி டிரைவ், இருந்தால் ஒரு டி. நார்ட்டன் கோஸ்ட் 2013இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் கணினி தொடங்கும் விதமே மாறிவிட்டிருந்தது.

இன்றைய விண்டோஸ் டிஸ்கில் நம் கண்ணுக்குத் தெரிவது சி டிரைவ் ஒன்று. வழக்கமாக உள்ளே இருப்பவை நான்கு. முதலில் 100 எம்.பி. அளவில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு தேடிப் படிப்பது இதைத்தான். அடுத்து மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் 16 எம்.பி. பிறகு சி. கடைசியில் ரெக்கவரி பார்ட்டிஷன். சி-யை மட்டும் நகலெடுத்தால் கோப்புகள் ஒன்று விடாமல் வந்திருக்கும், கணினி எழாது.

நான்கையும் நகலெடுத்தாலும் வேலை முடியவில்லை. டிஸ்குக்கும் பார்ட்டிஷனுக்கும் தனித்தனி அடையாள எண் உண்டு. எந்த பார்ட்டிஷனிலிருந்து விண்டோஸைத் தொடங்குவது என்பதை பூட் பதிவேடு அந்த எண்ணைக் கொண்டுதான் குறித்து வைத்திருக்கிறது. மென்பொருள் அந்த எண்களை அப்படியே படியெடுக்கலாம்; அல்லது புது எண் கொடுத்து பூட் பதிவேட்டையும் திருத்தலாம். இரண்டும் சரி. பாதி இதுவும் பாதி அதுவுமாக விட்டால்தான் கேடு. அதன் விளைவு உடனே தெரிவதில்லை என்பது இன்னும் மோசம். இரண்டு டிஸ்கும் கணினியிலேயே இருக்கும்போது, புதிய டிஸ்கில் விண்டோஸ் ஓடுவதுபோலத் தோன்றும். உண்மையில் பழைய டிஸ்கின் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன்தான் அதைத் தொடக்கி வைத்திருக்கும். சில வாரம் கழித்து, இனி எதற்கு என்று பழைய டிஸ்கை ஃபார்மட் அடிக்கிறார்கள். மறுநாள் காலை 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது திரை. குளோன் அன்றே தோற்றுவிட்டது, தெரியவந்தது இன்றுதான். ஆகவே குளோன் முடிந்ததும் கணினியை முதல்முறை பழைய டிஸ்க் கழற்றிய நிலையில்தான் எழுப்ப வேண்டும். இந்த ஒரு வரியைத் தன் கடைசித் திரையில் காட்டும் மென்பொருளுக்கு என் மதிப்பெண்ணில் தனி இடம் உண்டு. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை டிக் மட்டும் போட்டுவிட்டு விலகுவது பயனாளரை நட்டாற்றில் விடுவதாகும்.

அடுத்து அளவுச் சிக்கல். நம் ஊரில் அடிக்கடி நடக்கும் மாற்றம் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்கிலிருந்து 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு. விண்டோஸ் காட்டும் கணக்கில் முன்னது சுமார் 465, பின்னது 447. பழைய டிஸ்கில் 120 ஜி.பி.தான் நிரம்பியிருந்தாலும் இந்த 18 ஜி.பி. வித்தியாசம் வழிமறிக்கும். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் ஸ்டீவன் ஷியாவ் குழுவினர் உருவாக்கிய குளோன்சில்லா முழுக்க இலவசம், மூலநிரல் திறந்தது, நிரம்பிய பகுதியை மட்டும் படித்து நகலெடுக்கும் அளவுக்குச் சாமர்த்தியமானது. ஆனால் சேரும் டிஸ்க் சிறியதாக இருந்தால் இயல்பான அமைப்பில் அது மறுத்துவிடும். சரி, சி டிரைவைச் சுருக்கிவிட்டு வரலாமே என்றால், ரெக்கவரி பார்ட்டிஷன் டிஸ்கின் கடைக்கோடியில், 480-க்கு அப்பால் உட்கார்ந்திருக்கும். அதையும் நகர்த்தினால்தான் வழி பிறக்கும். பெரிய டிஸ்குக்குப் போனாலும் இதே பார்ட்டிஷன் வேறு விதத்தில் குறுக்கே நிற்கும்: 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யில் மிச்சமுள்ள இடம் ரெக்கவரிக்கு அந்தப் பக்கம் கிடக்க, 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' பொத்தான் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். காசு வாங்கும் மென்பொருள்கள் தங்கள் விலைக்கு நியாயம் செய்வது பெரும்பாலும் இங்கேதான். பார்ட்டிஷன்களை வரைபடமாகக் காட்டி, இழுத்து அளவு மாற்றி, ரெக்கவரியைத் தாங்களே இடம் மாற்றிவிடுகின்றன.

ஆனாலும் குளோன்சில்லா மறுப்பதை நான் குறையாக எண்ணவில்லை. இடம் போதாது என்று தொடங்குமுன் சொல்வது, நகலெடுத்துக்கொண்டே போய் 92 சதவீதத்தில் தெளிவில்லாத பிழை எண்ணோடு நிற்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். எழுதத் தொடங்குமுன் எந்த டிஸ்க் அழியப்போகிறது என்பதை அதன் மாடல் பெயரோடு காட்டி, திரும்பத் திரும்ப 'ஒய்' அழுத்தச் சொல்வதும் அப்படித்தான். எரிச்சல்தான். ஆனால் மூலமும் சேருமிடமும் மாறிப்போய் காலி டிஸ்கை நிரம்பிய டிஸ்கின்மேல் எழுதிவிட்டால் மீட்க வழியே இல்லை. குளோன்சில்லாவின் உண்மையான குறை திரைதான். எழுத்து மட்டுமே கொண்ட நீலத் திரையும், டிஸ்குகளைக் குறிக்கும் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற பெயர்களும் புதியவரை மிரட்டும். அவர்களுக்கு ரெஸ்க்யூசில்லா இருக்கிறது. குளோன்சில்லா டிஸ்க் நகலைக் கோப்பாகச் சேமிக்கும் இமேஜ்களைப் படிக்கத் தெரிந்த, மவுஸால் இயக்கக்கூடிய மென்பொருள், அதுவும் இலவசம்.

இவை இரண்டும் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, விண்டோஸ் உறங்கும்போது வேலை செய்பவை. விண்டோஸுக்குள் நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களோ அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுக்கின்றன; விண்டோஸின் ஷேடோ காப்பி வசதி ஒரு நொடியின் நிலையை உறைய வைத்துக் கொடுப்பதால் அது சாத்தியமாகிறது. வசதிதான். ஆனால் கணக்கு மென்பொருளோ தரவுத்தளமோ பாதி எழுதிய நிலையில் இருந்தால், அந்த மென்பொருள் ஷேடோ காப்பியோடு ஒத்துழைக்காதபட்சத்தில், அந்தப் பாதியே உறைந்து நகலாகும். ஒரே ஒருமுறை டிஸ்க் மாற்றுபவருக்கு வெளியிலிருந்து எடுப்பதே மேல் என்பது என் தீர்ப்பு.

யு.எஸ்.பி. கேபிளும் வஞ்சிக்கும். சில யு.எஸ்.பி. பெட்டிகள் உள்ளிருக்கும் டிஸ்கின் 512 பைட் செக்டாரை 4,096 பைட்டாக மாற்றிக் காட்டுகின்றன. அதில் வைத்து குளோன் எடுத்து, பிறகு டிஸ்கை லேப்டாப்புக்குள் மாட்டினால் பார்ட்டிஷன் அட்டவணையே பொருந்தாது. பழி மென்பொருளின் தலையில் விழும். சாட்டா வகை டிஸ்கிலிருந்து என்.வி.எம்.ஈ. வகைக்கு மாறும்போது வரும் 'இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்' நீலத் திரையும் நகலின் குற்றமல்ல. புதிய டிஸ்குக்கான டிரைவர் தொடக்கத்திலேயே ஏறவில்லை என்று பொருள். சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் பல நேரம் சரியாகிவிடும். இதற்கென்றே மீட்பு டிஸ்கில் தனி வசதி வைத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு.

சாகக் கிடக்கும் டிஸ்க் தனிக் கதை. பலர் குளோன் தேடுவதே டிஸ்க் முனகத் தொடங்கிய பிறகுதான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றைத் திறந்து 'காஷன்' என்று மஞ்சளாக வந்தால், படிக்கக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை ஏறியிருந்தால், சாதாரண குளோன் மென்பொருளைத் தொடவே கூடாது. அது கெட்ட செக்டாரில் முட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்த முயற்சியிலேயே டிஸ்கின் மிச்ச உயிரும் போகும். இந்த வேலைக்கென்று எழுதப்பட்டது குனு டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதியது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிச் சென்று, அவற்றை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் திரும்பி வந்து சுரண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் அந்தக் கோப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்கு அழகான திரை கிடையாது, கட்டளைதான். ஆனால் எது மீளவில்லை என்பதை இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்யும் கருவி வேறொன்றை நான் பார்த்ததில்லை. கெட்ட செக்டாரைக் கண்டால் 'இக்னோர்' என்று ஒரு பொத்தானை நீட்டி, எந்தக் கோப்பு போயிற்று என்றே சொல்லாமல் கடந்துபோகும் மென்பொருள்கள் எனக்கு அச்சமூட்டுகின்றன. ஒரு வருடம் கழித்துக் குழந்தையின் படத்தைத் திறந்து பாதி சாம்பல் நிறமாக வரும்போது யாரைக் கேட்பது?

டிஸ்கை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரையும் மறக்கக் கூடாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டியிருப்பதே தெரியாது. பூட்டியபடியே நகலெடுத்தால் செக்டார் செக்டாராகத்தான் எடுக்க முடியும். விண்டோஸ் ஓடும்போது எடுத்தால் நகல் பூட்டில்லாமல் வந்து சேரும். இரண்டில் எது நடக்கிறது என்று மென்பொருள் சொல்ல வேண்டும். 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து எழுதி வைக்காமல் யாரும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம்.

விலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல்லாண்டு எல்லாரும் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு முடிந்தது. குருஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல், கிங்ஸ்டன் ஆகியவை தங்கள் டிஸ்க் வாங்குவோருக்கு அக்ரோனிஸ் குளோன் மென்பொருளின் ஒரு வடிவத்தைக் கூடவே தருகின்றன. தெரியாமலேயே தனியாகக் காசு கொடுப்பவர்கள் ஏராளம். இலவசம் என்று நிறுவவைத்து, டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, அமைப்பையெல்லாம் முடித்தபின் கடைசிப் பொத்தானில் விலைச்சீட்டை நீட்டும் மென்பொருள்களும் உண்டு. அப்படிச் செய்யும் நிறுவனத்தை என் டிஸ்கின் அத்தனை செக்டாரையும் படிக்க விடுவதில் எனக்கு விருப்பமில்லை.

குளோன் முறையின் மிகப்பெரிய பலவீனம், அது பேக்அப் என்று நம்பப்படுவது. வாரந்தோறும் ஒரே டிஸ்கின்மேல் குளோன் எடுப்பவரிடம் கடைசி வாரம் மட்டுமே இருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்த பிறகு எடுத்த குளோன், பூட்டிய கோப்புகளின் துல்லியமான நகல். பல தேதிகளை அடுக்கி வைக்கும் இமேஜ்தான் பேக்அப்புக்கு உரியது.

மேக் உலகம் இந்தப் பாடத்தைக் கட்டாயத்தின்பேரில் கற்றது. மைக் பாம்பிச் 2002இல் வெளியிட்ட கார்பன் காப்பி குளோனரும், டேவ் நானியனின் சூப்பர்டூப்பரும் அங்கே கோலோச்சிய காலத்தில், வெளி டிஸ்கில் குளோனை வைத்துக்கொண்டு, ஆப்ஷன் கீயை அழுத்தி அதிலிருந்தே கணினியை எழுப்பிப் பழைய வேலையைத் தொடரலாம். 2019இல் மேக்ஓஎஸின் கேடலினா பதிப்பு சிஸ்டத்தை எழுத முடியாத தனிப் பகுதியாக்கியது. 2020இல் பிக் சர் பதிப்பு அதற்கு மின்கையெழுத்து முத்திரை வைத்தது. அதை முத்திரையோடு நகலெடுக்க ஆப்பிளின் சொந்தக் கருவி ஒன்றுதான் வழி. 2024 டிசம்பரில் வந்த மேக்ஓஎஸ் 15.2இல் அந்தக் கருவியும் பழுதுபட, பூட் ஆகும் நகல் எடுக்க முடியாமல் இரண்டு மென்பொருளும் கைபிசைந்தன. ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட ஆப்பிள் சிலிக்கான் கணினிகளிலோ உள் டிஸ்க் செத்துப்போனால் வெளி டிஸ்கிலிருந்து எழுப்பவே வழியில்லை. அதற்கான அனுமதியே உள்ளிருந்துதான் கிடைக்கிறது. கார்பன் காப்பி குளோனர் இன்று இயல்பாக நகலெடுப்பது பயனாளரின் தரவை மட்டும். பூட் ஆகும் நகலை நம்பியிருக்க வேண்டாம் என்று பாம்பிச்சே தன் பயனாளர்களுக்குச் சொல்கிறார். தன் பெயரை நிலைநாட்டிய வசதியைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லத் துணிந்ததில் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

கடையில் குளோன் போடக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்கி வர வேண்டும்: பழைய டிஸ்க். குளோன் முடிந்த கணத்தில் உங்கள் பான் கார்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி இருக்கிறது; அதில் ஒன்றை மேசையில் விட்டுவிட்டு வருகிறோம். ஒரு மாதம் அதைத் தொடாமல் வீட்டில் வையுங்கள். அதற்குள் ஒரு விண்டோஸ் அப்டேட் ஒழுங்காக ஏறியிருக்க வேண்டும், ரெக்கவரி திரையும் ஒருமுறை திறந்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு அழிக்கும்போது 'குவிக் ஃபார்மட்' பெட்டியிலுள்ள டிக்கை எடுத்துவிட்டு, டிஸ்கில் உள்ள ஒவ்வொரு பார்ட்டிஷனையும் ஃபார்மட் செய்யுங்கள். அப்போதுதான் பழைய தரவின்மேல் பூஜ்யம் எழுதப்படும். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்குக்கு இரண்டு மணி நேரம்போல ஆகும்.