கையை எடுத்ததும் நூரும் ஹீற்றர்

குளிர்காலத்தில் சிம்கோ ஏரியின் உறைந்த பரப்பில், மீன்பிடிக் கூடாரங்களுக்கு இடையே நடந்தால் ஒரு சத்தம் அடிக்கடி காதில் விழும். ‘டிக்’. அதன் பின்னாலேயே ஒரு கெட்ட வார்த்தை. அது எந்த மொழியிலும் இருக்கலாம்.

அந்த ‘டிக்’, புரொப்பேன் ஹீற்றருக்குள் இருக்கும் சின்ன மின்காந்தம் தன் பிடியை விடுகிற ஓசை. காஸ் அடைபட்டுவிட்டது, தீ நூர்ந்துவிட்டது, இனி முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க இந்த ஹீற்றரோடு குடித்தனம் நடத்திவிட்டேன். அதைப் பற்றி என்னிடம் சொல்ல இருப்பதெல்லாம் கிட்டத்தட்ட இந்த ஓசையைப் பற்றித்தான்.

மற்ற விவரங்கள் பெட்டியிலேயே அச்சடித்திருக்கின்றன. கையில் தூக்கிப் போகிற வகை. கூட்டி வைத்தால் 9,000 பி.ரி.யு, குறைத்தால் 4,000. 465 கிராம் சிலிண்டர் ஒன்று கூட்டி வைத்தால் இரண்டரை மணித்தியாலத்தை எட்டாது, குறைத்து வைத்தால் ஐந்தைத் தாண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த வகையில் எதை வாங்கினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்புத்தான்.

எரிகிறபோது அருமையாக எரிகிறது, அதை மறைக்க முடியாது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை, மறிக்க ஒரு மரமும் இல்லாத வெளியில் காற்று. உள்ளே பீங்கான் தகடு செம்மஞ்சளாகச் சிவந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் பேர்ச் மீனின் வாயிலிருந்து தூண்டிலை எடுக்கலாம். இத்தனை சிறிய பெட்டிக்கு அது பெரிய காரியம்.

எரிய வைப்பதுதான் பாடு. குமிழை அமுக்கிப் பைலற் நிலைக்குத் திருப்ப வேண்டும். பைலற் சுடர் பிடித்த பிறகும் அரை நிமிடம் விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குமிழோ பிளாஸ்ரிக். கனடாவின் இரண்டு டொலர் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, விளிம்பு வழவழவென்று இருக்கிறது. ஏரிக்குப் போடுகிற தடித்த கையுறையோடு அதைப் பிடிக்கவே முடியாது. கையுறையைக் கழற்றினால் பத்து எண்ணுவதற்குள் விரல் மரத்துவிடும், அமுக்குகிறோமா இல்லையா என்றே தெரியாது. இதை வடிவமைத்தவர் சூடான அறையில், மேசையில் வைத்து, விரல் நுனியால் திருப்பிப் பார்த்துச் சரி போட்டிருப்பார். ஹீற்றரைத் தேடுகிறவனின் கை எந்த நிலையில் இருக்கும் என்று ஒரு தரமாவது யோசித்திருக்கலாம். விலையைக் கூட்டுகிறார்கள், நிறத்தை மாற்றுகிறார்கள், குமிழை மட்டும் தொட மாட்டார்கள்.

ஒரு நாள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கூடாரத்து அண்ணை எட்டிப் பார்த்தார். இந்த ஏரியில் என்னைவிட நெடுநாள் பழகியவர்.

“என்ன தம்பி, கையை எடுத்தோடன நூருதோ?”

“ஓம் அண்ணை. முப்பது எண்ணிப்போட்டுத்தான் விடுறன்.”

“எண்ணுறதை விடும். நெருப்பின்ர நிறத்தைப் பாரும்.”

கையேட்டின் அத்தனை பக்கங்களிலும் இல்லாத வைத்தியம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஏன் என்று விளங்க, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பைலற் சுடரின் நுனியில் தெர்மோகப்பிள் என்ற கம்பி நிற்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் செபெக் கண்டறிந்த விளைவு இது. இங்கே பிறப்பது 20, 30 மில்லிவோல்ற்று, சாதாரண ரோச் பற்றரியின் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தச் சொற்ப மின்சாரத்துக்குக் காஸ் வால்வை இழுத்துத் திறக்கத் தெம்பில்லை. திறந்த வால்வைப் பிடித்து வைத்திருக்கத்தான் முடியும். திறந்து கொடுப்பது நம் விரல், அரை நிமிடம் அமுக்கச் சொல்வது அதனால்தான். கம்பி சூடாகி மின்காந்தம் பிடித்துக்கொண்டால் விரலை எடுக்கலாம். பிடிக்காவிட்டால் ‘டிக்’.

சுடர் நீலமாக, கூராக, கம்பியின் நுனியைத் தழுவி எரிந்தும் கையை எடுத்ததும் நூர்கிறதா? காஸில் குற்றமில்லை, மின்சுற்றில்தான் குற்றம். தெர்மோகப்பிளுக்கும் மின்காந்தத்துக்கும் நடுவே இன்னொரு ஆள் இருக்கிறது. ஹீற்றர் சரிந்தால் காஸை நிறுத்தும் சாய்வு சுவிச். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய வயர்கள், முனைகளில் தட்டையான செருகிகள். சறுக்குவண்டியில் ஏற்றிப் பனிமேட்டில் கடகடவென்று இழுத்துப்போகிற ஹீற்றரில் அவை மெல்லத் தளரும். கூடாரத்து ஈரத்தில் செருகியின் மேல் மங்கலான ஒரு படலம் படியும். வீட்டு மின்சாரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 20 மில்லிவோல்ற்றுக்கு அது மதில்.

சிலிண்டரைக் கழற்றி, ஹீற்றரை நன்றாக ஆறவிட்டு, பின்மூடியைத் திறந்தேன். செருகியை இழுத்து, இரண்டு பக்கத்தையும் பளபளப்பு வரும்வரை அழிறப்பரால் தேய்த்து, வாயைக் குறட்டால் ஒரு மயிரிழை நெருக்கி மறுபடி செருகினேன். கம்பியின் நுனியில் படிந்திருந்த கரியையும் மெல்லிய உப்புத்தாளால் துடைத்தேன். பிறகு பத்து விநாடியிலேயே பிடித்துக்கொண்டது. இதே குறையைச் சேவை மையத்துக்குச் சொன்னபோது, தெர்மோகப்பிளை மாற்ற வேண்டும், உதிரிப்பாகம் இப்போது கையிருப்பில் இல்லை என்றார்கள். கையேட்டிலும் செருகியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

சுடர் மஞ்சளாக, சோம்பலாக, கம்பியை எட்டாமல் ஆடுகிறதா? அது வேறு நோய். பைலற் குழாயின் பக்கவாட்டில் காற்று இழுக்க ஒரு சிறு துளை இருக்கிறது. அதில் தூசியோ பஞ்சோ அடைந்திருக்கும், இல்லாவிட்டால் சிலந்தி வலை. சிலந்தியைச் சொன்னால் சிரிக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவில் மாஸ்டா 6 கார்களை ஆயிரக்கணக்கில் திருப்பி அழைத்ததே, பெற்றோல் தாங்கியின் காற்றுக் குழாயில் மஞ்சள் சிலந்தி ஒன்று வலை பின்னியதற்காகத்தான். கோடை முழுக்கக் கராஜில் கிடக்கிற ஹீற்றர் அதற்கு அரண்மனை. கணினி துடைக்கிற அழுத்தக் காற்று டப்பாவால் அந்தத் துளையில் இரண்டு முறை ஊதினால் போதும். ஊசியை மட்டும் விடக்கூடாது. துளையின் அளவுதான் அந்தக் கருவியின் உயிர், பெருத்துவிட்டால் திருத்த முடியாது.

பெரிய சிலிண்டரில் இருந்து ஹோஸ் இழுத்து எரிப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு தொல்லை உண்டு. ரெகுலேற்றர் இல்லாமல் முழு அழுத்தத்தில் காஸ் போகும்போது, ரப்பரை இளக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கரைந்து வந்து உள்ளே பிசுபிசுவென்று படிகிறது. இதற்கு ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தனியாக விற்கிறார்கள்! தங்கள் ஹீற்றர் அடைபடும் என்று தெரிந்து, அடைபடாமல் இருக்க இன்னொரு பில் போடுகிற துணிச்சலை என்னவென்று சொல்வது? எண்ணெய் கசியாத ஹோஸும் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுவதே மேல்.

இனி, நன்றாக எரிந்துகொண்டிருந்து அரை மணித்தியாலம் கழித்து நூர்கிற கதை. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஒன்று சிலிண்டரின் குளிர். பியூற்றேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் அப்படியல்ல, பூச்சியத்துக்குக் கீழே 42 பாகைவரை கொதிக்கும். ஆகவே ஒன்றும் ஆகாது என்று கடையில் சொல்வார்கள். கொதிக்கும்தான், ஆனால் அழுத்தம் விழுந்துவிடும். 20 பாகை வெப்பத்தில் சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போல எட்டு மடங்கு அழுத்தம். பூச்சியத்துக்குக் கீழே 20இல் அது இரண்டரை மடங்கைத் தொடாது. போதாததற்கு, ஆவியாகிற காஸ் தன் சிலிண்டரின் வெப்பத்தையே உறிஞ்சுகிறது. சிலிண்டரின் வெளிப்புறத்தில் வெண்பனி ஒரு கோடாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கோடுவரைதான் உள்ளே திரவம் மிச்சம் இருக்கிறது. கையில் இரண்டு சிலிண்டர் வைத்து மாற்றி மாற்றிப் பூட்டுவது ஒரு வழி, ஓய்வில் இருப்பதை ஜாக்கெட்டுக்குள் வைக்கலாம். ஹோஸ் உள்ளவர்களுக்கு இன்னும் நல்ல வழி காலடியிலேயே இருக்கிறது. துளையில் இருந்து ஒரு வாளி ஏரித் தண்ணீர் எடுத்துச் சிலிண்டரை அதில் நிமிர்த்தி வையுங்கள். உறையாத தண்ணீர் வெளிக் காற்றைவிட 20 பாகை சூடு. படுக்கப் போட்டால் திரவமே ஹீற்றருக்குள் பாய்ந்து தீ எகிறும், நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

மற்றது காற்று. பைலற்றின் அந்தச் சிறு துளை வேண்டுமென்றே அப்படி அளந்து வைத்தது. கூடாரத்தில் ஒட்சிசன் வழக்கமான 21 சதவீதத்தில் இருந்து 18க்கு அருகில் இறங்கினால் சுடர் கம்பியை விட்டு விலகும், கம்பி ஆறும், ‘டிக்’. மின்னணுச் சில்லு எதுவும் இல்லாமல் ஒரு சுடரையே காவலாளி ஆக்கிய இந்த யோசனைக்கு மட்டும் அந்த நிறுவனத்தின் மேல் உள்ள கோபத்தை எல்லாம் மறக்கலாம். எது காரணம் என்று அறிய ஹீற்றரைக் கூடாரத்து வாசலில், காற்றுக்கு மறைவாக வையுங்கள். வெளியே நின்று எரிந்து, உள்ளே வந்து நூர்ந்தால் சிலிண்டரைத் திட்ட வேண்டாம். கீழே ஒன்று மேலே ஒன்றாக இரண்டு சாளரத்தையும் திறந்துவிட்டு இருங்கள்.

சாளரம் திறக்க இன்னொரு காரணமும் உண்டு. 465 கிராம் புரொப்பேன் எரிந்தால் முக்கால் லீற்றர் தண்ணீர் பிறக்கிறது. அது ஆவியாகிக் கூடாரத் துணியில் படிந்து, கூரையில் இருந்து கழுத்துக்குள் சொட்டுகிறது. தீப்பொறி தராமல் பொத்தான் சும்மா சொடுக்கினால் பெரும்பாலும் காரணம் இந்த ஈரம்தான். துணியால் துடைத்துவிட்டு, நீண்ட லைற்றரால் பற்ற வைக்கலாம்.

சாய்வு சுவிச்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று ஏரியில் எவராவது ஒருவர் சொல்வார். நான் அந்தக் கூடாரத்துக்குள் கால் வைக்க மாட்டேன். நைலோன் தரையில் சரிந்து விழுந்த பிறகும் எரிகிற ஹீற்றர் எனக்கு வேண்டாம். பைலற்றின் காவலும் ஒட்சிசனை மட்டும்தான் பார்க்கிறது, காபன் மொனொக்சைட்டை அது அறியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டுகிற பெரும்பாலானவை 4 பாகைக்குக் கீழே வேலை செய்ய உத்தரவாதம் தருவதில்லை. வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தில், சிறிய எழுத்தில் போட்டிருக்கும் வெப்பநிலை வரம்பைப் பார்த்து, பூச்சியத்துக்குக் கீழும் இயங்குவதாக எழுதியதை எடுங்கள். ஹீற்றருக்குப் பக்கத்து அடுக்கில் அது இருக்காது, கடைக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும்.