சிந்தனையைத் தூண்டும் அறிவியல் புனைகதைத் திரைப்படங்கள்: கருத்தும் காட்சியும்

அறிவியல் புனைகதைத் திரைப்படங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். விண்கலப் போர்களையும் வேற்றுக்கோள் உயிரினங்களையும் காட்டி மகிழ்விப்பவை ஒரு வகை. காலம், நினைவு, மொழி, மனிதன் என்பவன் யார் என்பன போன்ற வினாக்களை எழுப்புபவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைப் படங்களை மதிப்பிடுவதில் நெடுங்காலமாக ஒரு குழப்பம் இருந்து வருகிறது. வினா பெரியது என்பதற்காகவே படமும் சிறந்தது என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். மெதுவாக நகர்கிறது, புரியவில்லை என்று மறுசாரார் பாதியிலேயே எழுந்து விடுகின்றனர்.

கருத்து மட்டும் நன்றாக இருந்தால் நல்ல கட்டுரை கிடைத்துவிடும். திரைப்படத்துக்கு அது போதாது. அக்கருத்தின் காரணமாகப் படத்தில் வரும் யாரேனும் ஒருவர் எதையேனும் இழக்க வேண்டும். அந்த இழப்பு பார்வையாளரின் கண்முன் நடக்க வேண்டும். பலரும் அறிந்த சில படங்களை இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது, அவற்றின் வலுவான இடங்களும் தளர்ந்த இடங்களும் தெளிவாகத் தெரிகின்றன.

விளக்கமும் காட்சியும்

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்தே கிடைக்கின்றன. இயற்பியலாளர் கிப் தோர்ன் இப்படத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்தார். விண்கலம் புழுத்துளையை நெருங்கும் வேளையில், ஒரு விஞ்ஞானி காகிதத்தை மடித்துத் துளையிட்டு, புழுத்துளை என்றால் என்ன என்று விமானிக்கு விளக்குகிறார். அதன் வழியே செல்வதற்காகவே பூமியிலிருந்து புறப்பட்டு வந்தவர் அந்த விமானி. இந்தப் பாடம் அவருக்கானது அன்று. அரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கானது என்பது மாணவருக்கும் தெரிந்துவிடும்.

அதே படத்தில் கருந்துளைக்கு அருகில் உள்ள ஒரு கோளில் கழியும் 1 மணி நேரம் பூமியில் 7 ஆண்டுகளுக்குச் சமம். கதைத்தலைவன் கூப்பர் அங்கிருந்து திரும்பும்போது பூமியில் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. சேர்ந்து கிடக்கும் காணொளிச் செய்திகளை அவன் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், மணம் முடிக்கிறான், குழந்தை பெறுகிறான். கடைசியில் மகள் தோன்றுகிறாள். தந்தை விட்டுப் பிரிந்தபோது இருந்த வயதை அவள் எட்டியிருக்கிறாள். சார்பியல் கோட்பாட்டை அறியாதவருக்கும் இந்தக் காட்சி புரியும். இங்கே யாரும் எதையும் விளக்குவதில்லை. கூப்பர் அழுகிறான், அவ்வளவுதான். காகிதத்தை மடித்த காட்சி நினைவிலிருந்து நழுவிய பின்னும் இக்காட்சி நிற்கிறது.

விளக்கம் ஒரு படத்துக்கு என்ன செய்யும் என்பதை அறிய ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' நல்ல சான்று. 1982இல் வெளியானபோது, முன்னோட்டத் திரையிடல்களில் பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்பதால் நாயகனின் பின்னணிக் குரல் சேர்க்கப்பட்டது. மகிழ்ச்சியான முடிவு ஒன்றும் ஒட்டப்பட்டது. 1992இல் வந்த இயக்குநர் பதிப்பில் இரண்டும் நீக்கப்பட்டன. செயற்கை மனிதன் மழையில் இறக்கும் காட்சியை இரு பதிப்புகளிலும் பார்த்து ஒப்பிடலாம். முதல் பதிப்பில் அவன் இறந்ததும் குரல் ஒன்று வந்து அதன் பொருளைச் சொல்லத் தொடங்குகிறது. பிந்தைய பதிப்பில் மழைச் சத்தமும் இசையும் மட்டுமே உள்ளன.

ஹால் என்னும் கணினி

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) இந்த வகைப் படங்களுக்கெல்லாம் மூத்தது என்று கருதப்படுகிறது. இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடன் இணைந்து குப்ரிக் இதன் திரைக்கதையை எழுதினார். முதல் 25 நிமிடங்களில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. தொடக்கத்தில் திட்டமிடப்பட்டிருந்த விளக்கக் குரலைக் குப்ரிக் கைவிட்டார். முதல் திரையிடலுக்குப் பிறகு படத்திலிருந்து ஏறத்தாழ 19 நிமிடங்களையும் வெட்டினார். புரியவில்லை என்றவர்களுக்கு அதே ஆண்டில் வெளிவந்த கிளார்க்கின் நாவல் விடை தந்தது. விடையை அறிந்த பிறகும் படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விண்கலத்தை நடத்தும் ஹால் என்னும் கணினி பிழை செய்துவிட்டதாக இரு வீரர்களும் ஐயுறுகிறார்கள். தங்கள் பேச்சு அதற்குக் கேட்காதபடி ஒரு சிறு கலத்துக்குள் அமர்ந்து, அதை நிறுத்திவிடலாமா என்று ஆலோசிக்கிறார்கள். ஹாலின் பார்வையில் படம் காட்டப்படுகிறது, ஒலியே இல்லை. அசையும் உதடுகள் மட்டும் மாறி மாறித் தெரிகின்றன. எந்திரத்துக்கு அறிவு உண்டா, தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற வினாவுக்குப் பல பக்கங்கள் எழுதலாம். குப்ரிக் ஒரு வசனமும் இல்லாமல் அதை எழுப்பிவிடுகிறார்.

பிறகு ஹால் கொலை செய்கிறது. உயிர் தப்பிய வீரர் அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். அச்சமாக இருக்கிறது என்று ஹால் கெஞ்சுகிறது. இறுதியில், தன் பயிற்சியாளர் தனக்கு முதன்முதலில் கற்பித்த பாட்டைப் பாடத் தொடங்க, குரல் தேய்ந்து மறைகிறது. படத்தில் வரும் மனிதர்கள் எல்லாரும் உணர்ச்சியற்றுப் பேசுகிறார்கள். எந்திரத்துக்காகத்தான் மனம் வருந்துகிறது. இதன் பின் வரும் ஒளிவெள்ளப் பயணம் கண்ணுக்கு வியப்பைத் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஹாலின் முடிவில் இருந்த இறுக்கம் அங்கே இல்லை. இழப்பதற்கு அந்தப் பகுதியில் எவரிடமும் எதுவும் மிச்சமில்லை.

சோலாரிஸும் லெம்மின் மனக்குறையும்

போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய நாவலை ஆந்திரேய் தார்கோவ்ஸ்கி 1972இல் 'சோலாரிஸ்' என்ற படமாக்கினார். கடலால் சூழப்பட்ட ஒரு கோள். அந்தக் கடலே சிந்திக்கும் ஓர் உயிர். அதை ஆராய வந்தவர்களின் மனத்தில் புதைந்து கிடக்கும் மனிதர்களை அது உருவாக்கி அவர்களிடமே அனுப்புகிறது. உளவியலாளர் கெல்வினிடம், பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரி வந்து சேர்கிறாள்.

இப்படம் லெம்முக்குப் பிடிக்கவில்லை. மனிதனால் ஒருபோதும் புரிந்துகொள்ள முடியாத ஒன்றை மனிதன் எதிர்கொள்வதே அவர் நாவலின் மையம். தார்கோவ்ஸ்கியோ பூமியையும் தந்தையின் வீட்டையும் குற்ற உணர்வையும் கொண்டுவந்து நிரப்பினார். லெம் சொன்ன குறை நியாயமானதே. கடலின் புதிர் படத்தில் பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் வேறொரு வினா வந்து அமர்ந்தது: நகலாக வந்தவள் தன்னை நகல் என்று அறிந்துகொண்டால் அவள் நிலை என்ன?

ஹாரியின் உடையைக் கழற்ற அதில் திறப்பே இல்லை. கெல்வின் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கிறது. உடை எப்படித் தைக்கப்படுகிறது என்பது கடலுக்குத் தெரியவில்லை. அறைக்கதவை மூடியதும் அதைக் கிழித்துக்கொண்டு இரத்தம் வழிய வெளியே வருகிறாள். சிறிது நேரத்தில் காயங்கள் ஆறிவிடுகின்றன. பிறகு திரவ ஆக்சிஜனைக் குடித்து இறக்க முயல்கிறாள்; இறக்கவும் முடியவில்லை. நாவலில் இருந்த பெரிய வினா சுருங்கியது உண்மைதான். ஆனால் சுருங்கியது ஒரு பெண்ணின் உடலில் வந்து நின்றது.

அதற்காக இப்படத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஒரு மகிழுந்து நகரச் சாலைகளில் ஏறத்தாழ 5 நிமிடங்கள் ஓடிக்கொண்டே இருக்கும் காட்சிக்கு எத்தனையோ விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அவை எதுவும் அக்காட்சியைக் குறுக்கவில்லை. மெதுவாக நகர்வது மட்டுமே ஆழத்துக்கு அடையாளம் ஆகாது.

அரைவல்: காலம் காட்டாத காட்சி

டெட் சியாங்கின் 1998ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவி டெனி வில்நெவ் இயக்கிய 'அரைவல்' (2016) இவற்றுள் மிகவும் நுட்பமானது. 12 விண்கலங்கள் பூமிக்கு வருகின்றன. மொழியியலாளர் லூயிஸ் வேற்றுக்கோளினரின் வட்ட வடிவ எழுத்தைக் கற்கிறார். கற்கக் கற்க, நேற்றும் நாளையும் அவருக்கு ஒன்றாகவே தெரியத் தொடங்குகின்றன.

தமிழில் வினைச்சொல்லே காலத்தைக் காட்டிவிடும். வந்தாள், வருகிறாள், வருவாள் என்பதில் இடைநிலையை நீக்கிவிட்டால் சொல்லே நிற்காது. கதை எழுதுபவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் காலத்தைச் சொல்லியாக வேண்டும். சியாங்கின் கதையில் தாய் மகளை நோக்கி, நடக்கப்போவதை நினைவுகூர்வது போலப் பேசுகிறாள். ஆகவே விந்தை தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. திரையில் தெரியும் காட்சிக்கோ கால இடைநிலை கிடையாது. ஒரு குழந்தை ஓடுகிறது என்றால் ஓடுகிறது, அவ்வளவே. முன்பா, இனியா என்று சொல்ல வழியில்லை. வில்நெவ் இதைப் பயன்படுத்திக்கொண்டார். தொடக்கத்தில் மகள் பிறந்து, வளர்ந்து, நோயால் இறப்பதைக் காட்டுகிறார். பார்ப்பவர்கள் அதைக் கடந்தகாலம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். அது இன்னும் நடக்கவில்லை என்று தெரியவரும்போது, லூயிஸின் மனத்தில் நிகழ்ந்த மாற்றம் பார்ப்பவர் மனத்திலும் நிகழ்ந்துவிடுகிறது. ஒரு கருத்தை எடுத்துரைக்காமல் பட்டறிய வைப்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

படம் தடுமாறும் இடமும் உண்டு. போரைத் தடுக்க லூயிஸ் சீனத் தளபதியின் தொலைபேசி எண்ணை எதிர்காலத்திலிருந்து தெரிந்துகொள்கிறாள். சிறுகதையில் இல்லாத இந்தத் திருப்பம் பரபரப்புக்காகச் சேர்க்கப்பட்டது. நாளையை அறிவது சுமக்க வேண்டிய ஒன்றாக அதுவரை இருந்தது. இங்கே அது வசதியான கருவியாகிவிடுகிறது.

மற்றொரு மாற்றம் இதைவிட முக்கியமானது. சிறுகதையில் மகள் 25 வயதில் மலையேற்ற விபத்தில் இறக்கிறாள். மலைக்குப் போகாதே என்று தாய் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்ற வினா வாசகரை விடாது. படத்தில் மகளுக்கு வருவது தீராத நோய். அதைத் தடுக்க எவராலும் முடியாது. எனவே தாயின் முன் இருக்கும் தேர்வு ஒன்றுதான்: இந்தக் குழந்தையைப் பெறுவதா, வேண்டாமா. அவள் பெறுகிறாள். நடக்கப்போவதைக் கணவனிடம் முன்கூட்டியே சொல்லாமல் பெறுகிறாள். பிறகு சொல்கிறாள், அவன் பிரிந்து போகிறான். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்பதே இப்படம் எழுப்பும் கடினமான வினா. அந்தச் சண்டையைப் படம் காட்டவில்லை. அப்பா ஏன் முன்புபோல் இல்லை என்று சிறுமி கேட்கும் ஒரு சிறு உரையாடலில் அது வந்து போய்விடுகிறது.