கட்டணம் நீங்கிய தீவும் காப்பீடு வந்த தேசமும்

இலங்கையின் அரசு மருத்துவமனைகளில் 1951இல் சிகிச்சைக் கட்டணம் நீக்கப்பட்டது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. 10 கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு என்றது அறிவிப்பு. இரண்டுமே ஒரே வீச்சில் வந்த மாற்றங்களாகத் தெரிந்தாலும், அவற்றுக்கு முன்பு என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

இலங்கையில் கட்டணம் நீங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது அந்த ஏற்பாட்டின் வழியே கிராமத்துக்குள் வந்தார். 1931இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934–35 மலேரியா கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ஊர்மக்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள், பல இடங்களில் அது கிடைக்கவும் செய்தது. ஆகவே 1951இன் முடிவு, ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடத்தின் கதவைத் திறந்துவிட்டதற்குச் சமம். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். 1977இல் அதுவும் போயிற்று.

அந்தக் கதவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் வெள்ளையர் காலத்திலிருந்தே தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. சுதந்திரத்தை அடுத்துக் குடியுரிமையையும் வாக்கையும் இழந்த அவர்களுக்காகத் தொகுதியில் ஆஸ்பத்திரி கேட்க ஆளில்லை. கட்டணம் நீங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே தோட்ட மருத்துவமனைகள் சிறிது சிறிதாக அரசின் கைக்கு வந்தன. இலங்கையின் சாதனையைப் பாராட்டும் எழுத்துகள் பலவும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இந்தியாவில் 1946இன் போர் (Bhore) சுகாதாரக் குழு அறிக்கை, பணமில்லாததால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்றது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. ஆனால் அறிக்கை கேட்ட அளவுக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஆலைத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. என்னும் காப்பீடு தனியாக வந்தது. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பானதால் ஒவ்வொரு மாநிலமும் தன் வேகத்தில் நடந்தது.

தமிழ்நாட்டின் நடை நிதானமானது. 1939இன் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் அதன் பழைய வேர். 1994இல் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் பிரசவம் பார்க்க வழி செய்யப்பட்டது. 2009இல்தான் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. மத்தியக் காப்பீடு வந்து சேர்ந்தபோது இங்கே அரசு மருத்துவமனைகளே அதில் பங்கேற்கும் நிலையில் இருந்தன. மருத்துவமனைகள் குறைவான வட மாநில மாவட்டங்களில் அதே காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு தொலைதூர நகரத்துக்குப் பயணப்பட வேண்டியிருக்கிறது.

நோயாளியின் கையில் இருப்பதைப் பார்த்தாலே இரு முறைகளும் புரியும். இலங்கையில் அது ஒரு கிளினிக் கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம். வருமானத்தை யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் காப்பீட்டில் அறுவை சிகிச்சை பெற ரேஷன் கார்டு, கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) தரும் வருமானச் சான்று, பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி ஆகியவை வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை எதுவும் வேண்டாம்.

கொப்பிக்கும் குறைகள் உண்டு. வரிசை நீளமாக இருந்தால், அதே அரசு வைத்தியரை மாலையில் தனியார் இடத்தில் காசு கொடுத்துச் 'சனல்' செய்து பார்ப்பது இலங்கையில் வழக்கம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தே தட்டுப்பாடானது. காப்பீட்டின் குறை வேறு: பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் அது பணம் தரும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் வராது. தமிழ்நாடு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. களுத்துறையில் மருத்துவமாது தொடங்கிய வேலையின் இன்னொரு வடிவம் அது.